பாதை வருமுன் பெயர் வரட்டும்!

சென்னைப் பெருநகரின் விரைவுத் தொடர்வண்டிப் பாதை காஞ்சி மண்ணை நோக்கி வரவிருக்கின்றது. பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்பூதூர் வழியாகப் பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கி.மீ. நீளத்திற்கு அப்பாதையை நீட்டுதற்குத் தமிழ்நாட்டரசு 2025 மே திங்களில் கொள்கையளவில் இசைவளித்தது. முதற்கண் சுங்குவார் சத்திரம் வரை ஏறத்தாழ 28 கி.மீ. அமைப்பது என்றும், முழுப்பாதைக்கும் ஏறத்தாழ 15,900 கோடி உருபா செலவாகும் என்றும் மதிப்பிடப்பட்டது. தூண் எங்கே நிற்கும், நிலையம் எங்கே அமையும், கடன் எந்த வங்கியில் கிடைக்கும் என்றெல்லாம் வல்லுநர்கள் கணக்கிடுவர். ஆனால், ஒன்றை மட்டும் எவரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. அந்நிலையங்களின் நெற்றியில் எப்பெயர் எழுதப்படும் என்பதே அது.

“பாதை வரட்டும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார் உளர். அவர்கள் காஞ்சி நெசவாளன் ஒருவனைக் கேட்டறிதல் நன்று. கூறைப் புடைவையின் கரை எந்நிறத்தது என்பது பாவு ஓட்டும்போதே முடிவாகின்றது. நெய்து முடித்து மடித்து வைத்தபின் கரையை மாற்ற எவராலும் இயலாது. இருப்புப்பாதைக்கும் இதுவே முறை. பெயர்ப்பலகை ஒருமுறை நாட்டப்பட்டுவிட்டால், அது பயணச்சீட்டில் ஏறும், வரைபடத்தில் ஏறும், அறிவிப்பில் ஏறும், ஈற்றில் மக்கள் நாவில் ஏறும். நாவில் ஏறியதை இறக்குதற்கு ஒரு தலைமுறை போதாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காஞ்சித் தொடர்வண்டி நிலையமே சான்று. தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856 சூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அதற்குப் பின் பத்தாண்டு நிரம்புமுன்பே, 1865-இல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்குக் குறுகிய பாதை ஒன்று இடப்பட்டது. பின்னர் அது செங்கற்பட்டு வரை நீண்டது. பாதையிட்ட வெள்ளையன் ஊர்ப்பெயரைத் தன் நாவிற்கேற்பத் திரித்தான். காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’ ஆயிற்று; செங்கற்பட்டு ‘சிங்கிள்புட்’ ஆயிற்று. வெள்ளையன் 1947-இல் வெளியேறினான். பலகையிலும் பெயர் பின்னர்த் திருந்தியது. ஆயினும், தொடர்வண்டித் துறை காஞ்சி நிலையத்திற்கு வழங்கிய குறியீடு, அந்தக் ‘காஞ்சீவரத்’தின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த ‘சி.ஜே.’ என்பதாகவே நிலைத்துவிட்டது. பயணச்சீட்டுப் பொறியில் காஞ்சியின் மகன் தன் ஊரைத் தேட வேண்டுமாயின், வெள்ளையன் உளறிய பெயரின் எழுத்துகளையே தட்ட வேண்டியுள்ளது. ஆண்டவன் போனான், அவன் இட்ட பெயர் போகவில்லை. பெயரின் வலிமை அத்தகையது.

அவ்வலிமையை உணர்ந்தமையாலன்றோ தமிழர் நிலையப் பெயர்களுக்காகப் போராடினர்! தொடர்வண்டி நிலையங்களில் இந்தி எழுத்தைத் தார் கொண்டு அழிக்கும் கிளர்ச்சி 1952 ஆகசுட்டில் பெரியார் தலைமையில் நடந்தது. அடுத்த ஆண்டு சூலை 15-இல், வடநாட்டு முதலாளி ஒருவரின் பெயரால் ‘தால்மியாபுரம்’ என வழங்கிய நிலையத்திற்குக் கல்லக்குடி என்னும் மண்ணின் பெயரைக் கேட்டுத் தமிழிளைஞர்கள் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். துமுக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. கல்லக்குடி என்னும் பெயர் பின்னாளில் மீண்டது. ஒரு பலகையில் ஒரு சொல்லை மாற்றுதற்கு அன்று குருதி கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அதே தமிழ்நாட்டில், தமிழர்தம் அரசே பங்காளியாக நின்று கட்டும் நிலையங்களுக்கு, ஒரு துளி மையின் செலவில் நல்ல பெயர் எழுதலாம். எழுதப்படுகின்றதா என்பதே வினா.

சென்னையில் நடந்ததைக் காண்போம். 2007 திசம்பரில் நிறுவப்பட்டுப் பின்னர் நடுவணரசும் தமிழ்நாட்டரசும் பங்காளிகளாக நிற்கும் குழுமம், முதற்பகுதியாகக் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை 2015 சூன் 29-இல் வண்டி ஓட்டியது. 2017 மே திங்களில் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை நிலத்தடிப் பாதை திறக்கப்பெற்றது. 2019 பிப்பிரவரியில் வண்ணாரப்பேட்டை வரை ஓடி முதற்கட்டம் நிறைவுற்றது. 2021 பிப்பிரவரியில் அது திருவொற்றியூரைக் கடந்து வடக்கே நீண்டது. ஏறத்தாழ 54 கி.மீ. நீளமுள்ள இப்பாதை அரிய பொறியியற் பணி என்பதில் ஐயமில்லை. கடலோர மணலிலும் களிமண்ணிலும் கடும்பாறையிலும் துளையிட்டுச் சென்ற தொழிலாளர்தம் உழைப்பு போற்றத்தக்கது. இரண்டாங் கட்டமாக மூன்று தடங்களில் 118.9 கி.மீ. பாதைக்கு 63,246 கோடி உருபா மதிப்பிடப்பட்டு, 2024 அற்றோபரில் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. மாதவரம், சிறுசேரி, சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கம், பூந்தமல்லி என நாற்புறமும் பாதை விரிகின்றது.

நிலையங்களின் பெயர்களிலும் நல்லன உள. ஈக்காட்டுத்தாங்கல், சின்னமலை, ஆயிரம் விளக்கு, மண்ணடி, திருவொற்றியூர் தேரடி ஆகியவை செவிக்கு இனியவை, மண்ணோடு ஒட்டியவை. ‘தேரடி’ என்ற ஒரு சொல், தேர் நிற்கும் இடத்தையும் தேரோடும் தெருவையும் திருவிழாவையும் சேரக் காட்டுகின்றது. நிலையங்களில் தமிழ் எழுதப்படுகின்றது. தமிழில் அறிவிப்பும் செய்யப்படுகின்றது. இவற்றை மறைத்தல் முறையன்று.

ஆனால், அண்ணா சாலையில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர் என்ன? ‘ஏ.ஜி. – டி.எம்.எஸ்.’ என்பது. கணக்காயர் அலுவலகம் ஒன்றும் மருத்துவப் பணிகள் இயக்ககம் ஒன்றும் அருகே இருத்தலால், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி ஒரு நிலையத்திற்குப் பெயராகச் சூட்டிவிட்டனர். பலகையில் தமிழ் வடிவில் எழுதப்பட்டிருப்பினும் அதில் ஒரு தமிழ்ச்சொல்லும் இல்லை. தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத வேற்றெழுத்துகளோ இரண்டுள. ஊரிலிருந்து நோயுற்ற தாயை அழைத்து வரும் ஓர் உழவனுக்கு அப்பெயர் எதை உணர்த்தும்? ஆங்கிலம் கற்றவர்க்கேனும் விளங்குமா? அதன் விரிவைச் சொல்லுமாறு அந்நிலையத்தில் இறங்கும் பத்துப் பேரைக் கேட்டால், எத்துணைப் பேர் சொல்லுவர்?

வடகோடியில் ‘விம்கோ நகர்’ என்றொரு நிலையம் உள்ளது. அயலார் ஒருகால் நிறுவிய தீப்பெட்டி ஆலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ‘விம்கோ’. கோயம்பேட்டிற்கு அடுத்து ‘சி.எம்.பி.டி.’ என்றொரு நிலையம் உண்டு. புறநகர்ப் பேருந்து நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பெற்றுத் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே சென்றுவிட்டன. நிறுவனம் இடம் மாறும், அலுவலகம் கட்டடம் மாறும், ஆலை மூடப்படும். மண் இடம் மாறுவதில்லை. ஆகலின், நிலையான பாதைக்கு நிலையாத பெயரைச் சூட்டுதல் அறிவுடைமை ஆகாது.

2020 சூலை இறுதியில் மூன்று நிலையங்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. ஆலந்தூர், நடுவண் நிலையம், பேருந்து நிலையம் ஆகிய மூன்றிற்கும் மறைந்த முதலமைச்சர் மூவரின் பெயர்கள் அடைமொழிகளோடு முன்னே சேர்க்கப்பெற்றன. அறிஞர் அண்ணா காஞ்சி நெசவாளர் குடியில் 1909-இல் தோன்றியவர். இம்மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ என்னும் பெயரை 1967-இல் சட்டமன்றத்தில் முடிவு செய்வித்தவர். அவர் பெயருக்கு எந்நிலையமும் பெருமை பெறும். ஆயினும் நடந்ததென்ன? நீண்ட பெயர் பலகையில் நின்றது; மக்களோ ‘சென்ட்ரல்’ என்றே சொல்லி ஏறி இறங்குகின்றனர். தலைவர்கள் பெயரைச் சேர்த்தவர்கள், அப்பெயரின் வாலில் தொங்கிய ஆங்கிலச் சொல்லை எடுத்தெறிய எண்ணவில்லை. மாநிலத்தின் பெயரையே தமிழாக்கிய தலைவரின் நினைவைப் போற்றுவது, நிலையத்தின் பெயரை நீட்டுவதனால் அன்று, தமிழாக்குவதனாலேயே நிறைவுறும்.

அவ்வாண்டு சூன் திங்களிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்பிற்கு ஏற்ப எழுதுதற்கான அரசாணை வெளியாயிற்று. ‘எக்மோர்’ எழும்பூராகவும், ‘ட்ரிப்ளிகேன்’ திருவல்லிக்கேணியாகவும், ‘டூட்டிகோரின்’ தூத்துக்குடியாகவும் ஆங்கில எழுத்திலும் நிமிர்ந்தன. எழுத்துக்கூட்டல் பற்றி எழுந்த மறுப்புகளால் அத்திங்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டலில் பிழை இருந்தால் பிழையைத் திருத்த வேண்டும், முயற்சியையே கைவிடுவதா? இவ்வகையில் நடுவணரசின் தொடர்வண்டித் துறை காட்டிய முன்மாதிரி ஒன்று உண்டென்பது பலர்க்கு வியப்பளிக்கும். கடற்கரையிலிருந்து 1995-இல் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூர் வரை நீண்ட உயர்மட்டப் பாதையில், ‘ட்ரிப்ளிகேன்’, ‘மைலாப்பூர்’ என்னும் வெள்ளையன் வடிவங்களை விடுத்து, ஆங்கில எழுத்திலும் திருவல்லிக்கேணி, திருமயிலை என்றே நிலையங்களுக்குப் பெயரிட்டனர். வானம் இடிந்து விழவில்லை. வண்டியும் வழி தவறவில்லை.

பெயர் என்பது அடையாளச் சீட்டு மட்டும் அன்று, அஃது ஆவணம். இதைக் காஞ்சியார் நன்கு உணர்தற்குரியர். ஏனெனில், சென்னையின் தொடர்வண்டிப் பாதைகளில் நெசவாளர் வரலாறு நிலையம் நிலையமாக எழுதப்பட்டுள்ளது. உயர்மட்டப் பாதையில் சிந்தாதிரிப்பேட்டை என்றொரு நிலையம். 1734-இல் ஆளுநர் பிட்டு என்பவர் காலத்தில் நெசவாளரைக் குடியமர்த்தி அமைத்த ஊர் அது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அவ்வாறு மருவியது என்பர். புதிய பாதையில் வண்ணாரப்பேட்டை. நெய்த துணியை வெளுத்துக் கப்பலேற்றுதற்கு ஆக்கியோர் வாழ்ந்த இடம். அதற்கு வடக்கே காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த காலட்டு என்பவர் நெசவாளர்க்கென அமைத்த பேட்டை, காலட்டுப்பேட்டை என்பது காலடிப்பேட்டை ஆயிற்று. அந்த ஆளுநரிடம் பணியாற்றிய ஒருவர் காஞ்சித் திருமாலை நாள்தோறும் வணங்கச் சென்று வந்தார் என்றும், அவர் பொருட்டே காலடிப்பேட்டையில் வரதராசர் கோயில் எழுந்தது என்றும் செவிவழிக் கதை வழங்குகின்றது. கதையின் உண்மை எவ்வாறாயினும், காஞ்சிக்கும் கடற்கரைப் பேட்டைக்கும் இடையே நூலும் துணியும் பத்திமையும் ஓடிய வழியை அப்பெயர் நினைவூட்டுகின்றது. அந்நிலையத்திற்கு ஓர் அலுவலகத்தின் முதலெழுத்துகள் பெயராகியிருந்தால், முந்நூறாண்டு வரலாறு ஒரே நாளில் அழிந்திருக்கும்.

வரலாறு மட்டுமன்று, நிலத்தின் இயல்பையும் பெயர் சொல்லும். ‘தாங்கல்’ என்பது நீரைத் தாங்கி நிறுத்தும் சிறு ஏரி. ஈக்காட்டுத்தாங்கல் எனப் பெயரிட்ட முன்னோன், “இது நீர் நிற்கும் நிலம்” என்று எழுதாமல் எழுதி வைத்தான். பெயரை மறவாது வழங்கியவர்கள் பொருளை மறந்தனர். 2015 திசம்பரில் அடையாற்றில் பெருவெள்ளம் வந்தபோது ஈக்காட்டுத்தாங்கலில் நீர் புகுந்து, மறந்த பொருளை நினைவூட்டியது. பொருளை மறந்த பெயரையேனும் காத்தால், என்றேனும் ஒருவன் அதன் பொருளைத் தேடுவான். பெயரையே அழித்துவிட்டால் தேடுதற்கும் ஒன்றிராது.

இனி, இப்பாதை முழுமைக்கும் வழங்கும் ‘மெட்ரோ இரயில்’ என்னும் பெயரை ஆய்வோம். இலண்டனில் 1863-இல் உலகின் முதல் நிலத்தடி வண்டியை ஓட்டிய குழுமத்தின் பெயரில் ‘மாநகரம்’ எனப் பொருள்படும் சொல் இருந்தது. 1900-இல் பாரிசிலும் அச்சொல்லே வழங்கிப் பின்னர் ‘மெட்ரோ’ எனக் குறுகிற்று. அதன் மூலம் கிரேக்கச் சொல். தாய்நகர் என்பது அதன் பொருள். குறுகிய வடிவில் நகரும் இல்லை, வண்டியும் இல்லை, பாதையும் இல்லை. அத்தகைய அரைகுறைச் சொல்லைத் தமிழன் தன் நாவில் சுமப்பதற்கு என்ன தேவை?

“உலகமெங்கும் அதுதானே பெயர்” என்பது பொருந்தாது. சப்பானியரும் சீனரும் ‘நிலத்தடி இரும்பு’ எனத் தத்தம் மொழியில் பெயரிட்டனர். செருமானியர் ‘நிலத்தடிப் பாதை’ என்கின்றனர். சுவீடியர் ‘சுரங்கப் பாதை’ என்கின்றனர். சென்னைப் பாதைக்குக் கடன் கொடுத்த நாடு சப்பான். கடனை வாங்கிய தமிழன், கடன் கொடுத்தவனிடமிருந்து இந்தத் தன்மானத்தையும் சேர்த்து வாங்கியிருக்கலாகாதா? 1987-இல் விரைவு வண்டி ஓட்டிய சிங்கப்பூரில், தமிழர் சிறுபான்மையராயிருந்தும் அதன் பெயரில் ‘பெருவிரைவு’ என்னும் தமிழ்ச்சொல்லை வழங்குகின்றனர். அண்டையிலுள்ள கன்னடர், 2011-இல் தொடங்கிய பெங்களூர்ப் பாதைக்கு ‘நம்ம’ என்னும் தம் சொல்லையேனும் முன்னே சேர்த்தனர். 2017-இல் நிலையங்களில் இந்தி எழுதப்பட்டதை எதிர்த்து எழுந்து அகற்றவும் செய்தனர். ஆயிரமாயிரம் வேர்ச்சொற்களையுடைய தமிழுக்கு மட்டும் சொற்பஞ்சமா?

தமிழில் சொல் இல்லாமலில்லை. வண்டிகள் ஒன்றோடொன்று தொடர்தலின் தொடர்வண்டி. முன்னோர் ‘புகைவண்டி’ என்றனர்; அன்று அது புகைவிட்டது. ஆனால், சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்வண்டி ஓடத் தொடங்கியது. புகை போனபின் புகைவண்டி என்னும் பெயரும் பொருந்தாதாயிற்று. தொடர்வண்டி என்பதோ நீராவியால் ஓடினும், மின்னால் ஓடினும், ஓட்டுநரின்றித் தானே ஓடினும் பொருந்தும். மாநகர்க்குள் விரைந்தோடுவதாகலின் ‘மாநகர் விரைவுத் தொடர்வண்டி’ எனலாம். நாள்வழக்கிற்கு ‘விரைவி’ என்றோ ‘மாநகர்வண்டி’ என்றோ குறுக்கலாம்.

“மக்களுக்கு விளங்காது” என்பது அடுத்த மறுப்பு. இம்மறுப்பு பழையது, ஒவ்வொரு முறையும் தோற்றது. ‘பஸ்’ என்றே நாடு முழுதும் வழங்கிய காலத்தில் ‘பேருந்து’ என்றபோது நகைத்தனர். பேருந்து நிலையம் என்று ஊர்தோறும் பலகை எழுதப்பட்டது. இன்று பள்ளிப்பிள்ளையும் அதை அறியும். நடைமேடை, பயணச்சீட்டு, நடத்துநர், ஓட்டுநர், வானூர்தி, மின்தூக்கி, நகரும் படிக்கட்டு ஆகிய யாவும் அவ்வாறே வந்தவை. மக்கள் சொல்லை மறுப்பதில்லை. சொல்லை மக்களிடம் கொண்டு சேர்க்கும் பலகையும் அறிவிப்பும் யார் கையில் உள்ளனவோ அவர்கள்தாம் மறுக்கின்றனர். நாள்தோறும் இலக்கக்கணக்கானோர் செவியில் ஒலிக்கும் நிலைய அறிவிப்பைவிடச் சிறந்த தமிழாசிரியன் யாவன்?

இவ்வளவும் எண்ணியபின் பூந்தமல்லி முதல் பரந்தூர் வரையுள்ள வழியை நோக்குக. திருமழிசை, செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்பூதூர், பட்டுநூல் சத்திரம், சுங்குவார் சத்திரம், பரந்தூர் – நெடுஞ்சாலையை ஒட்டியும் அப்பாலும் நிற்கும் இவ்வூர்ப் பெயர்கள் ஒரு புலவன் கோத்த மாலை போல்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரியால் அறியப்படுவது. இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயர், இருபத்துநான்கு கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்த தொண்டைமண்டலத்தில் பெருங்காடு சூழ்ந்திருந்த நிலத்தை நினைவூட்டும். பட்டுநூல் சத்திரம் என்னும் பெயரில் காஞ்சிப்பட்டின் இழையே ஓடுகின்றது. இப்பெயர்களுக்கு நேரக்கூடிய கேடுகள் இரண்டு. ஒன்று, திருப்பெரும்பூதூரில் ‘திரு’ இருக்க வேண்டிய இடத்தில் வேற்றெழுத்து அமர்ந்து நெடுங்காலமாயிற்று. புதிய நிலையத்திலும் அதுவே அமரும். மற்றொன்று, இவ்வழி நெடுகத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. மகிழுந்து ஆலைகளும் மின்பொருள் ஆலைகளும் வளர்ந்த இடத்தில், ‘சிப்காட்’ என்றும் ‘பேசு’ என்றும் ‘கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு’ என்றும் நிலையங்களுக்குப் பெயர் வைத்துவிடுதல் எளிது. ‘ஏ.ஜி. – டி.எம்.எஸ்.’ எழுதிய கை அதற்குக் கூசாது.

பரந்தூரைப் பற்றித் தனியே கூற வேண்டும். அங்கே அமையவுள்ள வானூர்தி நிலையம் 2022 ஆகசுட்டில் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுர மாவட்டத்துப் பதின்மூன்று ஊர்களின் நிலம், ஏறத்தாழ 5,700 ஏக்கர், அதற்குக் குறிக்கப்பட்டது. வயலும் ஏரியும் கால்வாயும் அதில் அடங்கும். ஏகனாபுரம் ஊரார் அன்று முதல் போராடி வந்தனர். ஊரவையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். அவர்கள் கேட்டது இழப்பீட்டுத் தொகையன்று; ஊர். ஆனால் அந்நிலையத்திற்கு நாளேடுகளும் அலுவலகங்களும் இட்ட பெயர் என்ன? ‘சென்னையின் இரண்டாவது வானூர்தி நிலையம்’! நிலம் காஞ்சியினது, நீர் காஞ்சியினது, இழப்பு காஞ்சி உழவனது, பெயர் மட்டும் சென்னையினது. வண்டிப்பாதையும் அவ்வானூர்தி நிலையத்தை நோக்கியே வருகின்றது. ஓர் ஊரை எழுப்பிவிட்டு, அதே இடத்தில் நிலையம் கட்டி, அதற்கு ஊரின் பெயரைக்கூடச் சூட்டாவிடில், அஃது இரட்டைக் கொலை. அவ்வாறு சூட்டினும், பெயர்ப்பலகை ஊருக்கு ஈடாகாது. பெயரைக் காக்க எழுவோர், அப்பெயருக்கு உரிய மாந்தரை மறந்துவிட்டுப் பலகையை மட்டும் காப்பாராயின், உடலை எரித்துவிட்டு ஆடையைப் பெட்டியில் வைப்போரை ஒப்பர்.

காஞ்சி நகர்க்கு இப்பாதையால் வருவதென்ன என்பதும் கேட்கப்பட வேண்டியதே. சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கி.மீ. அளவிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக 2022 அற்றோபரில் விரிக்கப்பட்டு, காஞ்சிபுர மாவட்டப் பகுதிகள் அதனுள் கொணரப்பட்டன. விரித்தவர்கள் வகுத்த பாதையோ பரந்தூரோடு நின்றது, காஞ்சியைத் தொடவில்லை. 2019-இல் அத்தி வரதர் விழாவின் 48 நாளில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்நகர்க்கு வந்தனர் எனக் கணக்கிட்டனர். சாலைகள் திணறின; முதியோர் பன்னாழிகை நின்றனர். கோயில்களுக்கு வருவோரும், பட்டு வாங்க வருவோரும், நாள்தோறும் ஆலைகளுக்கும் சென்னைக்கும் செல்லும் காஞ்சி இளைஞரும் பேருந்தையும், செங்கற்பட்டைச் சுற்றிச் செல்லும் தொடர்வண்டியையுமே நம்பி நிற்கின்றனர். தறிக்குழியில் இறங்க மனமின்றி ஆலை வாயிலில் நிற்கும் நெசவாளன் மகனுக்கு, வானூர்தியில் பறப்பவனுக்கு வரும் பாதையில் ஒரு நிலையம் இல்லையா? கோர்வைப் புடைவையில் உடலை ஒருவனும் கரையை ஒருவனுமாக நெய்து, இழையோடு இழை கோத்து இணைப்பர். கோவை விட்டால் புடைவை இரண்டாகக் கிழியும். பரந்தூரில் நின்ற பாதை கோவை விட்ட கரையாகும். அதைக் காஞ்சி நகரோடு கோத்தல் வேண்டும்.

ஆகவே, தமிழ்நாட்டரசும் பாதையமைக்கும் நிறுவனமும் செய்ய வேண்டுவன இவை:

1. பூந்தமல்லி–பரந்தூர்ப் பாதையின் நிலையங்களுக்குக் கட்டுமானம் தொடங்குமுன்பே அவ்வவ்வூர் மக்களையும் தமிழறிஞரையும் கலந்து பெயர் முடிவு செய்தல் வேண்டும்.

2. எந்நிலையத்திற்கும் அலுவலகச் சுருக்கமோ, ஆலைப் பெயரோ சூட்டலாகாது. மண்ணின் பெயரே நிலையத்தின் பெயர்.

3. திருப்பெரும்பூதூர் எனத் தமிழ் வடிவிலேயே எழுதப்பட வேண்டும். ஆங்கில எழுத்திலும் தமிழொலியே ஒலிக்க வேண்டும்.

4. ‘மெட்ரோ இரயில்’ என்பதை நீக்கி, மாநகர் விரைவுத் தொடர்வண்டி என்றோ, அறிஞர் அவை ஆய்ந்து முடிவு செய்யும் வேறு நல்ல தமிழ்ப்பெயராலோ வழங்க வேண்டும்.

5. பாதை பரந்தூரோடு நில்லாது காஞ்சி நகர் வரை நீட்டப்பட வேண்டும்.

6. நிலம் இழப்போர் குரலைக் கேளாது ஒரு தூணும் நடலாகாது.

இவை அரசு செய்ய வேண்டுவன. தமிழர் செய்ய வேண்டுவன வேறு. அரசின் ஆணைக்குக் காத்திராமல், இன்றே ‘தொடர்வண்டி’ எனச் சொல்லத் தொடங்கலாம். கடிதத்திலும் அழைப்பிதழிலும் கடைப்பலகையிலும் ஊர்ப்பெயரைத் திருத்தமாக எழுதலாம். காஞ்சிப் பட்டுக்கடை ஒவ்வொன்றும் தன் முகவரியில் காஞ்சி என்று நல்ல தமிழில் எழுதினாலே, நாடெங்கும் செல்லும் புடைவைப் பெட்டிகளில் இந்நகரின் பெயர் பிழையின்றிச் செல்லும். ஊர்தோறும் பெரியோரிடம் கேட்டு, ஏரி, தாங்கல், மேடு, சாவடி என அழிந்துவரும் இடப்பெயர்களைப் பள்ளி மாணவர் தொகுத்து எழுதலாம். பெயர் முடிவு செய்யும் நாளில் அத்தொகுப்பே சான்றாக நிற்கும். பலகையைக் குறை கூறும் தமிழன், தன் நாவிலுள்ள பலகையை முதலில் துடைக்கட்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவு. கல்லக்குடியில் பலகை எழுதப்பட்டபின் போராடினர். உயிரைக் கொடுத்து ஒரு சொல்லை மீட்டனர். திருப்பெரும்பூதூரிலும் பரந்தூரிலும் பலகை எழுதப்படுமுன் பேசினால், உயிர் வேண்டா. வாய் திறந்தாலே போதும். தெருவில் பாவு நீட்டப்பட்டுள்ளது. கரைக்கு எந்நிறம் என்று சொல்ல வேண்டிய வேளை இதுவே.